குமரி மாவட்டத்தில் மக்காச்சோளம்: நாள் குறிப்பதிலிருந்து புட்டுக்குழல் வரை

நம்ம மாவட்டத்தில் தென்னை, வாழை, மரச்சீனி (மரவள்ளி), ரப்பர் என்று பழகிய கைகளுக்கு மக்காச்சோளம் முதல் தடவை ஏமாற்றம் தரும். மரச்சீனிக் கம்பை நட்டுவிட்டு ஒரு மாதம் எட்டிப் பார்க்காமல் இருந்தாலும் கிழங்கு கிடைக்கும். மக்காச்சோளம் அப்படிக் காத்திருக்காது. 75 முதல் 110 நாளுக்குள் எல்லாம் முடிந்துவிடுகிற பயிர் இது. ஒவ்வொரு வேலைக்கும் ஒரு நாள் உண்டு, அந்த நாள் போனால் போனதுதான். 25-ஆம் நாள் போட வேண்டிய உரத்தை 40-ஆம் நாள் போட்டால் செலவுதான் மிச்சம்.

புதிதாக வைப்பவர்கள் தடுமாறுவதைப் பார்த்து, வேலைகளை அவை நடக்க வேண்டிய வரிசையிலேயே எழுதியிருக்கிறேன். முதல் தடவை என்றால் ஒன்று அல்லது இரண்டு சென்ட் போதும். கீழே வரும் அளவுகளும் சென்ட் கணக்கில்தான்.

1. எந்தச் சோளம் என்று முதலில் முடிவு செய்யுங்கள்

விதைக்கடைக்குப் போய் "சோள விதை தாருங்க" என்று கேட்டால் கையில் கிடைப்பது எதுவாகவும் இருக்கலாம். எதற்கு வளர்க்கிறோம் என்பதை வைத்துத்தான் விதை, இடைவெளி, அறுவடை நாள் எல்லாம் மாறும்.

அவித்துத் தின்ன வேண்டுமென்றால் ஸ்வீட் கார்ன். விதைத்து 75 முதல் 85 நாளில் பறிக்கலாம். மாதுரி, பிரியா போன்ற ரகங்களும், கம்பெனி வீரிய ரகங்களும் கிடைக்கின்றன. இதன் விதை சுருங்கி, வற்றிப்போனது மாதிரி இருக்கும். கெட்டுப்போன விதை என்று நினைத்துத் திருப்பிக் கொடுத்தவர்கள் உண்டு. மணிக்குள் மாவுச்சத்து குறைவு, சர்க்கரை அதிகம் என்பதால் காய்ந்ததும் அப்படிச் சுருங்கிவிடுகிறது, அவ்வளவுதான். சேமிப்பு குறைவான விதை என்பதால் முளைக்கும்போது கொஞ்சம் பலவீனமாக இருக்கும். அதை விதைப்பில் கவனித்துக்கொள்ளலாம்.

பொரியலுக்கும் துவரனுக்கும் என்றால் பேபி கார்ன். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் கோ.பி.சி.1 இதற்கென்றே உள்ள ரகம். 45, 50 நாளிலிருந்து பறிப்பு தொடங்கிவிடும்.

மாவுக்கும் கோழித் தீவனத்துக்கும் என்றால் தானிய வகை வீரிய ரகங்கள், 100 முதல் 110 நாள். கனலில் சுடுவதற்கும் இதன் இளங்கதிர்தான் நன்றாக இருக்கும். ஸ்வீட் கார்னைக் கனலில் வைத்தால் மணி வற்றிச் சுருங்கும். மாட்டுக்குப் பசுந்தீவனமாக மட்டும் வேண்டுமென்றால் ஆப்பிரிக்கன் டால்.

ஒரே விளையில் (தோட்டத்தில்) ஸ்வீட் கார்னையும் தானிய வகையையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்காதீர்கள். தானிய வகையின் மகரந்தம் ஸ்வீட் கார்ன் கதிரில் விழுந்தால், அந்த மணிகள் இந்த அறுவடையிலேயே இனிப்பில்லாமல் மாவாகிவிடும். அடுத்த தலைமுறைக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. இரண்டும் வேண்டுமென்றால் விதைப்பில் மூன்று வாரமாவது இடைவெளி விடுங்கள். பக்கத்து விளைக்காரர் என்ன வைத்திருக்கிறார் என்பதையும் கேட்டுக்கொள்வது நல்லது.

வீரிய ரகத்தின் கதிரில் இருந்து விதை எடுத்து வைக்க வேண்டாம். அடுத்த தடவை செடிக்குச் செடி உயரமும் பூக்கும் நாளும் மாறிவிடும்.

2. நாளைப் பின்னாலிருந்து எண்ணுங்கள்

குமரியில் மக்காச்சோளத்தைக் கெடுப்பவை மழையும் காற்றும். இரண்டு பருவமழையும் பெய்கிற மாவட்டம் என்பது தென்னைக்கு வரம், இதற்கு வரமில்லை. ஜூனிலும் அக்டோபர், நவம்பரிலும் தண்ணீர் தேங்கினால் இளம்பயிர் போய்விடும். ஆரல்வாய்மொழி, முப்பந்தல் பக்கம் காற்றாலைகள் வரிசையாக நிற்பதே அந்தக் கணவாய்க் காற்றுக்காகத்தான். ஆனி, ஆடியில் அந்தக் காற்றில் ஆள் உயரப் பயிர் நிற்காது, சாய்ந்துவிடும்.

அதனால் என் முடிவு இதுதான்: வீட்டுத் தேவைக்கு வைப்பவர்களுக்குத் தைப் பட்டம். பொங்கல் கழிந்து ஜனவரி கடைசிக்குள் விதைத்தால் மார்ச் இரண்டாம் பாதியில் பூத்து, ஏப்ரல் நடுவுக்குள் ஸ்வீட் கார்ன் கைக்கு வந்துவிடும். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்திருக்கும், தென்மேற்குக் காற்று தொடங்கியிருக்காது. வெயிலும் நிறைய.

ஆனால் இதில் ஒரு சிக்கல் உண்டு, அதை யாரும் முன்கூட்டி யோசிப்பதில்லை. பேச்சிப்பாறை, பெருஞ்சாணி அணைத் தண்ணீரைப் பிப்ரவரி கடைசியோடு அடைப்பதுதான் வழக்கம். சானல் (கால்வாய்) தண்ணீரை மட்டும் நம்பித் தையில் விதைத்தால், சானல் அடைத்த இரண்டு மூன்று வாரத்தில் பயிர் பூக்கும். அதற்கு அதிகம் தண்ணீர் வேண்டிய நேரம் அதுதான். கிணறோ போர்வெல்லோ இருந்தால் தையில் விதையுங்கள். சானல் மட்டும்தான் என்றால் மார்கழி நடுவிலேயே விதைத்துவிடுங்கள். பூக்கும் கட்டம் பிப்ரவரிக்குள் முடியும், கடைசி ஒன்றிரண்டு நனைப்பை எப்படியாவது சமாளிக்கலாம்.

தொடர்ந்து கதிர் வேண்டும் என்று பத்து நாளுக்கு ஒரு தடவை விதைக்கிற ஆசை பலருக்கு வரும். இரண்டு தடவைக்கு மேல் வேண்டாம். முதல் பயிரில் வளர்ந்த படைப்புழு (குருத்தைத் தின்னும் புழு, 8-ஆம் பகுதியில் வரும்) மூன்றாவது பயிரை முளையிலேயே பிடிக்கும்.

3. இடம்

முழு வெயில் வேண்டும். வளர்ந்த தென்னைகளின் நடுவே வைத்த மக்காச்சோளம் உயரமாகப் போகும், தண்டு மெலியும், கதிர் விரல் நீளத்தில் நின்றுவிடும். வைத்து நான்கைந்து வருடத்துக்குள் உள்ள கன்றுத் தோப்பு அல்லது ஓலை உயரத்தில் போய் வெயில் தரைக்கு இறங்குகிற பழைய தோப்பு என்றால் சரி. நிழல் எவ்வளவு என்று தெரியாவிட்டால் காலை 9 மணிக்கும் மதியம் 3 மணிக்கும் அந்த இடத்தில் போய் நின்று பாருங்கள். இரண்டு நேரமும் உங்கள் மேல் வெயில் விழ வேண்டும்.

கல்குளம், விளவங்கோடு பக்கத்துச் சரளை கலந்த செம்மண் பெரும்பாலும் புளிப்பு (அமில) மண். தோவாளை, அகஸ்தீஸ்வரம் பக்கச் செம்மண்ணில் அந்தத் தொந்தரவு குறைவு. கடலோர மணலில் தண்ணீரும் உரமும் நிற்காது, அங்கே எரு இரட்டிப்பாகப் போட்டால்தான் பேச்சு. நெல் வயலில் வைப்பதாக இருந்தால் கும்பப்பூ (இரண்டாம் போக நெல்) அறுவடை முடிந்த பிறகு, அதுவும் தண்ணீர் வடியும் மேட்டு வயலில் மட்டும்.

மலையடிவாரத்தில் காட்டுப்பன்றி வரும் இடமென்றால் வேலி இல்லாமல் தொடங்கவே வேண்டாம். ஒரு ராத்திரி போதும் அதற்கு.

4. விதைக்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

மூன்று வாரத்துக்கு முன்பே சேர்த்து வையுங்கள். ஒரு சென்டுக்கு மக்கிய தொழு உரம் 50 கிலோ, வேப்பம் பிண்ணாக்கு 1 கிலோ, ஜிங்க் சல்பேட் 100 கிராம். ரசாயன உரம் போடுவதாக இருந்தால் யூரியா சுமார் 2.2 கிலோ, சூப்பர் பாஸ்பேட் 1.9 கிலோ, பொட்டாஷ் அரைக் கிலோ. இது வீரிய தானிய ரகத்துக்கு ஹெக்டேருக்குத் தழை, மணி, சாம்பல் சத்து 250:75:75 கிலோ என்ற பரிந்துரையை சென்டுக்கு இறக்கிய கணக்கு. மண் பரிசோதனை செய்து அட்டை வைத்திருந்தால் அதில் உள்ளதைப் பின்பற்றுங்கள்.

விதை எண்ணிக்கை: 60 சென்டிமீட்டருக்கு ஒரு வரிசை, வரிசையில் 25 சென்டிமீட்டருக்கு ஒரு செடி என்றால் ஒரு சென்டில் ஏறக்குறைய 270 செடி. குழிக்கு இரண்டு விதை என்று 550 விதை எடுத்துக்கொள்ளுங்கள்.

கோழியும் மயிலும் வரும் இடமென்றால் பழைய மீன் வலை ஒன்று. விதைத்ததில் இருந்து இரண்டு இலை வரும் வரைக்கும் மூட இது போதும். கடற்கரை ஊர்களில் சும்மாவே கிடைக்கும்.

5. மண்ணைத் தயார் செய்தல்

இதில் வரிசை மாறினால் உரம் வீண். முதலில் சுண்ணாம்பு, கடைசியில் ரசாயன உரம், நடுவில் எரு.

புளிப்பு மண் என்று பரிசோதனையில் தெரிந்தால், அவர்கள் சொன்ன அளவு சுண்ணாம்பு அல்லது டோலமைட்டை விதைப்புக்கு இரண்டு மூன்று வாரத்துக்கு முன்பே தூவிக் கொத்திவிடுங்கள். புளிப்பு மண்ணில் மணிச்சத்து கட்டிப்போய்ச் செடிக்குக் கிடைக்காது, அதற்காகத்தான் இது. சுண்ணாம்பையும் யூரியாவையும் ஒரே நாளில் போடக்கூடாது. தழைச்சத்து அமோனியாவாகக் காற்றில் போய்விடும். வேலை மிச்சம் என்று ஒரே பாத்திரத்தில் கலந்து தூவுகிறவர்களை இப்போதும் பார்க்கிறேன்.

அதற்கு இரண்டு வாரம் கழித்துத் தொழு உரத்தையும் வேப்பம் பிண்ணாக்கையும் போட்டு இரண்டாவது தடவை கொத்துங்கள். படைப்புழு மண்ணுக்குள் இறங்கித்தான் கூட்டுப்புழு ஆகிறது. ஆழக் கொத்தினால் மேலே வருகிற கூட்டுப்புழுவைக் காக்கையும் கொக்கும் மைனாவும் தின்றுவிடும். பிண்ணாக்கும் அதைத் தடுக்கிற வேலையைத்தான் செய்கிறது.

பிறகு 60 சென்டிமீட்டர் இடைவெளியில் பார் (நீள மண்மேடு) பிடியுங்கள். தட்டையான பாத்தி வேண்டாம். மக்காச்சோளத்தின் வளரும் முனை முதல் மூன்று வாரம் தரைக்குக் கீழேதான் இருக்கும். திடீர் மழையில் இரண்டு நாள் தண்ணீர் தேங்கினால் மேலே இலை பச்சையாகத் தெரிந்தாலும் உள்ளே அழுகிவிடும்.

விதைக்கிற அன்று சூப்பர் பாஸ்பேட் முழுவதும், பொட்டாஷ் முழுவதும், யூரியாவில் கால் பங்கு மட்டும் பாரின் பக்கவாட்டில் கோடு கிழித்துப் போட்டு மண்ணால் மூடுங்கள். ஜிங்க் சல்பேட்டை மணலில் கலந்து தனியாக மேலே தூவுங்கள், பாஸ்பேட்டுடன் சேர்க்க வேண்டாம். துத்தநாகம் குறைந்தால் இளம் இலையில் நடு நரம்புக்கு இரு பக்கமும் வெள்ளைப் பட்டை விழும். நெல் வைத்த வயலில் இது அடிக்கடி வரும்.

6. விதைப்பு: கோடாக வேண்டாம், சதுரமாக

புதியவர்கள் செய்யும் மிகப் பெரிய தப்பு இது. வரப்பு ஓரமாக, வேலி ஓரமாக ஒற்றை வரிசையில் 40 செடி வைப்பார்கள். பயிர் அருமையாக வளரும். கதிரை உரித்தால் பல் விழுந்த வாய் மாதிரி அங்கொன்றும் இங்கொன்றுமாக மணி.

காரணம் காற்று. உச்சியில் இருக்கும் ஆண் பூவில் இருந்து மகரந்தம் காற்றில் விழுந்து, கீழே இலைக் கக்கத்தில் இருக்கும் கதிரின் நூலில் படவேண்டும். ஒரு நூலுக்கு ஒரு மணி. நூலில் மகரந்தம் படாவிட்டால் அந்த இடம் காலி. ஒற்றை வரிசையில் மகரந்தம் பெரும்பாலும் பக்கத்து மரச்சீனி மேல் போய் விழும். அதே 40 செடியை நான்கு வரிசையாகச் சதுரத்தில் வைத்தால் ஒன்றின் மகரந்தம் மற்றொன்றுக்குக் கிடைக்கும். எவ்வளவு சிறிய இடமானாலும் நான்கு வரிசைக்குக் குறையாதீர்கள்.

பாரின் உச்சியில் விதைக்காமல் பக்கவாட்டில் விதையுங்கள். தை, மாசியில் உச்சி சீக்கிரம் காய்ந்துவிடும். ஆழம் தானிய வகைக்கு 4 முதல் 5 சென்டிமீட்டர், ஸ்வீட் கார்னுக்கு 3 சென்டிமீட்டருக்குள். ஸ்வீட் கார்ன் விதையில் சேமிப்பு குறைவு என்று சொன்னேன் அல்லவா, ஆழமாகப் புதைத்தால் வெளியே வரும் முன்பே தீர்ந்துவிடும்.

அதே நாளில் 20, 25 விதைகளைக் காகிதக் கப்பில் போட்டு ஓரமாக வையுங்கள். முளைக்காத குழிகளில் 8-ஆம் நாளுக்குள் இவற்றை மண்ணோடு இறக்கலாம். அதற்குப் பிறகு புதிய விதை ஊன்றிப் பயனில்லை. சுற்றி நிற்கும் செடிகளின் நிழலில் அது கதிரில்லாத செடியாகத்தான் நிற்கும்.

12-ஆம் நாள் குழிக்கு ஒன்றாகக் குறையுங்கள். பிடுங்காமல், கத்தரியால் தரையோடு வெட்டுங்கள். பிடுங்கினால் நிற்கும் செடியின் வேரும் அசையும். நன்றாக வளர்ந்த இரண்டில் ஒன்றை வெட்ட மனசு வராது, தெரியும். ஆனால் இரண்டையும் விட்டால் இரண்டிலும் ஒழுங்கான கதிர் வராது.

சுற்றிலும் ஒரு வரிசை தட்டைப்பயறு ஊன்றுங்கள். பொறிவண்டு போன்ற நன்மை செய்யும் பூச்சிகள் அதில் தங்கும், வீட்டுக்குப் பயறும் ஆச்சு.

7. முதல் 45 நாள்

விதைத்த உடனே ஒரு தண்ணீர், மூன்றாம் நாள் உயிர்த் தண்ணீர், பிறகு மண்ணைப் பார்த்து வாரத்துக்கு ஒரு தடவை. சரளை மண்ணிலும் மணலிலும் ஐந்து நாளுக்கு ஒரு தடவை தேவைப்படும். காலை நேரத்திலேயே இலை சுருண்டிருந்தால் தண்ணீர் பற்றவில்லை. உச்சி வெயிலில் கொஞ்சம் சுருண்டு மாலையில் விரிந்தால் பயப்பட வேண்டாம்.

களை 15-ஆம் நாளில் இருந்து 45 வரைக்கும் இருக்கக்கூடாது. அதற்குப் பிறகு செடியின் நிழலே களையை அடக்கிவிடும்.

25-ஆம் நாள் யூரியாவில் பாதி, 45-ஆம் நாள் மீதிக் கால் பங்கு. போட்ட உடனே மண் அணைத்துத் தண்ணீர் விடுங்கள். மண் அணைப்பதை விட்டுவிடாதீர்கள். தண்டின் கீழ்க் கணுக்களில் இருந்து வரும் முட்டு வேர்கள் மண்ணைப் பிடித்தால்தான் கோடை மழையோடு வரும் காற்றைத் தாங்கும்.

அடி இலை நுனியில் தொடங்கி நடு நரம்பு வழியாக வி வடிவத்தில் மஞ்சளானால் தழைச்சத்து குறைவு. விளிம்பு மட்டும் காய்ந்து வந்தால் சாம்பல் சத்து. இலை ஊதா நிறம் காட்டினால் மணிச்சத்து. மஞ்சளைப் பார்த்ததும் எல்லாவற்றுக்கும் யூரியா அள்ளிப் போடுவது தவறு. அது எந்த மஞ்சள் என்று முதலில் பாருங்கள்.

8. படைப்புழு

2018-இல் கர்நாடகத்தில் முதலில் கண்டறியப்பட்டு, அந்த வருடமே தமிழ்நாட்டு மக்காச்சோளத்தில் இறங்கிய புழு இது. இப்போது இதை எதிர்பார்த்தேதான் விதைக்க வேண்டும். "எங்க ஊரில் யாரும் சோளம் வைப்பதில்லை, வராது" என்று சொல்ல முடியாது. இதன் அந்துப்பூச்சி ராத்திரியில் வெகுதூரம் பறக்கும்.

முளைத்த 5-ஆம் நாளில் இருந்து 45-ஆம் நாள் வரைக்கும் இரண்டு நாளுக்கு ஒரு தடவை வரிசைக்குள் நடந்து பாருங்கள். வெளியே வரப்பில் நின்று பார்த்தால் ஒன்றும் தெரியாது. என்ன பார்க்க வேண்டும் என்பதையும் வரிசையாகச் சொல்கிறேன்.

முதலில் முட்டை. இலையின் மேலோ அடியிலோ நகக்கண் அளவில் பஞ்சு படிந்தது போல ஒரு குவியல், அதில் நூறு இருநூறு முட்டை இருக்கும். இரண்டு மூன்று நாளில் பொரிந்துவிடும். இந்தக் கட்டத்தில் கண்டால் விரலால் நசுக்கினால் முடிந்தது. மருந்துக் கடைக்கே போக வேண்டாம்.

அடுத்தது இலையில் காகிதம் போன்ற வெள்ளைத் திட்டு. குஞ்சுப் புழு பச்சையத்தை மட்டும் சுரண்டித் தின்று தோலை விட்டுவைத்திருக்கும். பிடிக்கச் சரியான நேரம் இதுதான்.

அதற்கும் பிறகு குருத்து இலை விரியும்போது ஒரே வரிசையில் ஓட்டைகள் தெரியும், குருத்துக்குள் ஈர மரத்தூள் மாதிரி எச்சம் கிடக்கும். எச்சத்தை விலக்கினால் ஒரு பெரிய புழு. தலையில் தலைகீழான 'ஒய்' கோடு, வால் பக்கம் சதுரமாக நான்கு கரும்புள்ளி இருந்தால் இதுவேதான். பெரும்பாலும் ஒரு குருத்தில் ஒன்றுதான் இருக்கும், ஏனென்றால் ஒன்றை ஒன்று தின்றுவிடும்.

ஒன்றிரண்டு சென்டில் வைத்திருப்பவருக்கு மருந்தைவிடக் கைதான் நல்லது. முட்டையை நசுக்குங்கள். புழு குருத்துக்குள் போய்விட்டால் மணலும் சுண்ணாம்புத் தூளும் 9-க்கு 1 என்று கலந்து, ஒவ்வொரு குருத்திலும் ஒரு சிட்டிகை போடுங்கள். மணல் புழுவின் மேல்தோலை உரசும், சுண்ணாம்பு காயவைக்கும். குருத்தை நிரப்பிவிடக்கூடாது, வளர்ச்சி தடைபடும்.

அதிகப் பரப்பென்றால் ஏக்கருக்கு நாலைந்து இனக்கவர்ச்சிப் பொறி வையுங்கள். அந்துப்பூச்சி எப்போது வந்தது என்று அது சொல்லும். 15, 20 நாளில் அசாடிராக்டின் (வேம்பிலிருந்து எடுக்கும் மருந்து) 1500 பி.பி.எம். லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி அடியுங்கள். அதற்கும் அடங்காமல் பரவினால் எமாமெக்டின் பென்சோயேட் 5 எஸ்.ஜி. லிட்டருக்கு 0.4 கிராம், அதாவது 10 லிட்டர் டேங்குக்கு 4 கிராம். ஒரே மருந்தைத் திரும்பத் திரும்ப அடித்தால் புழு பழகிக்கொள்ளும், அடுத்த தடவை வேறொன்றுக்கு மாறுங்கள். முகக்கவசம், கையுறை இல்லாமல் அடிக்க வேண்டாம்.

மருந்து அடித்தும் புழு சாகவில்லை என்பவர்களிடம் எப்படி அடித்தீர்கள் என்று கேட்டால், காலை 10 மணி வெயிலில் இலை மேல் படும்படி அடித்திருப்பார்கள். புழு பகலில் குருத்துக்குள் ஒளிந்திருக்கும். மாலையில், நாசில் குருத்துக்குள் நேராக இறங்கும்படி அடிக்க வேண்டும்.

தின்பதற்கு வளர்க்கும் ஸ்வீட் கார்னிலும் பேபி கார்னிலும் கதிர் வந்த பிறகு பூச்சிமருந்து வேண்டாம். கதிர் நுனியில் ஒரு புழு இருந்தால் அந்த நுனியை வெட்டிவிட்டுச் சாப்பிடலாம்.

9. பூக்கும் பத்து நாள்

விதைத்து 50 முதல் 55 நாளில் ஆண் பூ விரியும். ஓரிரு நாளில் கதிரின் நூல் வெளியே வரும். இந்தப் பத்துப் பதினைந்து நாளில் மண் காயவே கூடாது. வீட்டில் கல்யாணம் என்றாலும் தண்ணீர் விட ஒரு ஆளை ஏற்பாடு செய்துவிட்டுப் போங்கள். தண்ணீர் குறைந்தால் நூல் தாமதமாக வரும், அதற்குள் மகரந்தம் கொட்டித் தீர்ந்துவிடும்.

சிறிய இடமென்றால் கையாலும் உதவலாம். காலை 9 மணி வாக்கில் பனி காய்ந்ததும் ஆண் பூவைக் காகிதப் பைக்குள் சாய்த்துத் தட்டினால் மஞ்சள் பொடி விழும். அதை உடனே பல செடிகளின் நூல் மேல் தூவுங்கள். மதியத்துக்கு எடுத்து வைத்தால் பொடி செத்துவிடும். மூன்று நான்கு நாள் தொடர்ந்து செய்யுங்கள், ஏனென்றால் ஒரு கதிரின் எல்லா நூலும் ஒரே நாளில் வெளியே வராது. கதிரின் அடியில் உள்ள மணிகளின் நூல் முதலில், நுனியில் உள்ளவை கடைசியில்.

இது தெரிந்தால் உரித்த கதிரைப் பார்த்தே நடந்ததைப் படிக்கலாம். அடி முழுவதும் நிறைந்து நுனி மட்டும் காலி என்றால் கடைசி நாட்களில் தண்ணீரோ உரமோ போதவில்லை, அல்லது மகரந்தம் தீர்ந்துவிட்டது. கதிர் முழுக்க இடையிடையே காலி என்றால் மகரந்தமே சரியாக வந்து சேரவில்லை, அதாவது வரிசை போதாது. அடுத்த தடவை எதைத் திருத்த வேண்டும் என்பது அதிலேயே இருக்கிறது.

பேபி கார்னுக்கு இதெல்லாம் தலைகீழ். மகரந்தம் படக்கூடாது என்பதற்காக ஆண் பூ வெளியே வந்ததுமே பிடுங்கிவிட வேண்டும்.

10. அறுவடை

ஸ்வீட் கார்னுக்கு நூல் வந்த நாளை ஒரு காலண்டரில் குறித்துவிடுங்கள். அதிலிருந்து 18 முதல் 22 நாள். நூல் பழுப்பாகக் காய்ந்திருக்கும், உறை பச்சையாகவே இருக்கும். ஒரு கதிரின் உறையைக் கொஞ்சம் விலக்கி மணியை நகத்தால் குத்துங்கள். தெளிந்த நீர் வந்தால் இரண்டு நாள் பொறுங்கள். பால் தெறித்தால் அன்றே பறியுங்கள். மாவாக வந்தால் நாள் கடந்துவிட்டது, சுண்டலுக்குத்தான் ஆகும்.

விடியற்காலையில் பறிப்பது நல்லது. பறித்த நொடியில் இருந்து மணியில் உள்ள சர்க்கரை மாவுச்சத்தாக மாறத் தொடங்குகிறது, வெயில் சூட்டில் அது இன்னும் வேகம். காலையில் பறித்ததை அன்றே அவியுங்கள். முடியாவிட்டால் உறையோடு ஃப்ரிட்ஜில் வையுங்கள்.

பேபி கார்னுக்கு நூல் இரண்டு மூன்று சென்டிமீட்டர் நீட்டியதும் பறிக்க வேண்டும். தினமும் பார்க்க வேண்டிய வேலை. இரண்டு நாள் விட்டால் தக்கை முற்றி நார் மாதிரி ஆகிவிடும்.

தானிய வகைக்கு உறை வைக்கோல் நிறமாகும் வரைக்கும் காத்திருங்கள். மணியைப் பிடுங்கி, கதிரோடு ஒட்டியிருந்த நுனியைக் கிள்ளினால் கறுப்புப் பொட்டு தெரியும். அது வந்துவிட்டால் இனி மணிக்குள் எதுவும் சேராது, ஒடித்துவிடலாம்.

11. காய வைப்பது

நம்ம கடற்காற்றின் ஈரத்தில் இதில் அலட்சியம் காட்டவே கூடாது. உறையை நீக்கி, மொட்டை மாடியில் தார்ப்பாய் விரித்துக் கதிராகவே காயவிட்டு, பிறகு உதிர்த்து மணியை மறுபடி காயவிடுங்கள். மாலையில் மூடிவிடுங்கள், இரவுப் பனி பட்டால் பகலில் காய்ந்தது வீண்.

காய்ந்ததா என்று பார்க்க எளிய வழி உண்டு. ஈரமில்லாத கண்ணாடி பாட்டிலில் ஒரு பிடி மணியும் ஒரு ஸ்பூன் வறுத்து ஆறிய உப்பும் போட்டுக் குலுக்குங்கள். உப்பு பாட்டிலின் சுவரில் ஒட்டினால் இன்னும் ஈரம் இருக்கிறது. ஒட்டாமல் கீழே விழுந்தால் வைக்கலாம்.

பூஞ்சை பிடித்த மணியைக் கழுவித் தின்னலாம், கோழிக்குப் போடலாம் என்று நினைக்காதீர்கள். அதில் உண்டாகும் அஃப்ளாடாக்ஸின் கழுவினாலும் அவித்தாலும் போகாது, கல்லீரலைக் கெடுக்கும். கோழியையும் விடாது. குழி தோண்டிப் புதையுங்கள்.

12. அடுக்களையில்

ஸ்வீட் கார்னைக் கொதிக்கும் நீரில் போட்டு ஐந்தாறு நிமிடம் போதும். தானிய வகையின் இளங்கதிருக்குக் குக்கர் வேண்டும்.

நம்ம வீடுகளில் மக்காச்சோளம் நிலைத்து நிற்க வேண்டுமென்றால் அது புட்டு வழியாகத்தான் நிற்கும் என்பது என் எண்ணம். காய்ந்த தானிய மணியை மில்லில் புட்டுமாவுப் பதத்துக்கு, சன்ன ரவையாக உடைத்து வாங்குங்கள். கடையில் கார்ன் ஃப்ளோர் என்று விற்கும் வெள்ளைப் பொடி வெறும் ஸ்டார்ச், அதில் புட்டு வராது, பசைதான் வரும்.

மாவை வாசனை வரும் வரைக்கும் இளந்தீயில் வறுத்து ஆற விடுங்கள். உப்பு கலந்த வெதுவெதுப்பான தண்ணீரைத் தெளித்துத் தெளித்து விரவி, அரை மணி நேரம் மூடி வையுங்கள். அரிசி மாவு மாதிரி இது உடனே தண்ணீரை இழுக்காது. அவசரப்பட்டு உடனே குழலில் போட்டால் வெந்த பிறகும் தொண்டையில் அடைக்கும். அரை மணி கழித்து மறுபடி கொஞ்சம் தெளித்துப் பிடித்துப் பாருங்கள். பிடித்தால் நிற்க வேண்டும், அமுக்கினால் உதிர வேண்டும். அப்புறம் தேங்காய்த் துருவலும் மாவும் மாறி மாறிப் போட்டு, மேலே ஆவி வந்த பின் பத்து நிமிடம்.

கூடவே சிறுபயறோ கடலைக்கறியோ இருக்கட்டும். மக்காச்சோளப் புரதத்தில் லைசின், டிரிப்டோபேன் என்ற இரண்டு குறைவு, பயறு லைசினை ஈடுகட்டும். சர்க்கரை தூவுவதற்குப் பதில் மட்டிப்பழம் ஒன்றைப் பிசைந்து சாப்பிட்டால் குழந்தைகள் கேட்டு வாங்குவார்கள்.

அடிக்கடி மக்காச்சோளம் சாப்பிடும் வீட்டுக்கு இன்னொரு முறை. ஒரு கிலோ காய்ந்த மணிக்கு மூன்று லிட்டர் தண்ணீர், வெற்றிலைக்குப் போடும் சுத்தமான வெள்ளைச் சுண்ணாம்பு 10 கிராம். தோல் கழலும் வரைக்கும் வேகவைத்து, இரவு முழுக்க அப்படியே வைத்து, காலையில் நன்றாகத் தேய்த்து மூன்று நான்கு தண்ணீரில் கழுவுங்கள். மெக்சிகோவில் தலைமுறை தலைமுறையாக இப்படித்தான் செய்கிறார்கள். மணிக்குள் கட்டுண்டு கிடக்கும் நியாசின் என்ற வைட்டமின் இதனால் உடம்புக்குக் கிடைக்கிறது. சும்மா வேகவைத்தால் கிடைக்காது. இதை அரைத்தால் கையில் ஒட்டாத மாவு வரும், சின்ன வெங்காயமும் சீரகமும் சேர்த்து அடை தட்டலாம். அலுமினியப் பாத்திரம் வேண்டாம், சுண்ணாம்பு அதை அரித்துவிடும்.

பேபி கார்னைப் பொடியாக நறுக்கி, தேங்காய், சீரகம், பச்சை மிளகாய் ஒன்றிரண்டாக அரைத்துப் போட்டுத் துவரன் வைக்கலாம். அதிகம் வேகவிடக்கூடாது, கடித்தால் நறுக்கென்று இருக்க வேண்டும்.

13. கதிர் பறித்த பிறகு

ஸ்வீட் கார்ன், பேபி கார்ன் தட்டை பச்சையாக இருக்கும்போதே வெட்டி, விரல் நீளத்துக்கு நறுக்கி மாட்டுக்குப் போடுங்கள். நாட்டுச் சோளத்தின் இளந்தட்டையில் உள்ள விஷத்தன்மை இதில் இல்லை. மருந்து அடித்த பயிரென்றால் மருந்துப் பாக்கெட்டில் உள்ள காத்திருப்பு நாள் கழிந்திருக்க வேண்டும்.

அடிக்கட்டைகளை அப்படியே விடாமல் பிடுங்கிவிட்டு, மண்ணை ஒரு தடவை ஆழமாகக் கொத்திப் போடுங்கள், உள்ளே இருக்கும் கூட்டுப்புழு மேலே வரட்டும். மக்காச்சோளம் மண்ணில் இருந்து நிறையத் தழைச்சத்தை எடுத்துவிடும். அதனால் அதே இடத்தில் உடனே இன்னொரு மக்காச்சோளம் வேண்டாம். முதல் கோடை மழையோடு தட்டைப்பயறோ உளுந்தோ தூவிவிடுங்கள். ஜூன் மழை வலுக்கும் முன் பயறு பறித்துக்கொண்டு செடியை அங்கேயே மடக்கி உழுதுவிடலாம்.